ஊருக்கு இரண்டாவது மின்பாதை

ஏழு கடல் தாண்டி உத்தியோகம் பார்க்கும் என் அக்கா மகள் வாலுவுக்கு, இந்த தேசத்தின் மின்கோபுரங்களையெல்லாம் ஒற்றைத் தோளில் சுமக்கும் உன் மாமா எழுதுவது. ஆயிரத்தெட்டு வருஷம் நீ ஆண்டு அனுபவிக்க வேண்டும்.

நான் சௌக்கியம். திட்ட அலுவலகத்தில் என் நாற்காலி இன்னும் ஆடுகிறது. அதன் ஆட்டம் நின்றால் நாடே இருண்டுவிடும் என்று பயந்து யாரும் ஆணி அடிப்பதில்லை. அடுத்த பத்து வருஷத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், எங்கே புதுக் கோபுரம் நடவேண்டும் என்று, கடவுள் எழுதாமல் விட்ட தலையெழுத்தையெல்லாம் நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். சுவர் அகலத்துக்கு வரைபடம். அதில் நம் ஊர் ஒரு கொசுக்கடி. அதற்கு வருவது ஒரே ஒரு மின்பாதை.

உன் அம்மாவின் ஆக்சிஜன் மெஷின் ஓடுவதும் அதில்தான். போன மழையில் ஒரு கோபுரம் சாய்ந்து பாதி நாள் கரண்ட் இல்லை. நல்லவேளை, அன்று ஞாயிறு, நான் அங்கே இருந்தேன். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். வேறு சமயமென்றால் யானையைத் தூக்கினேன் என்று எழுதியிருப்பேன். அன்று படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

இந்தத் திட்டத்தில் நம் ஊருக்கு இரண்டாவது பாதை வாங்கியே தீர்வது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். தேவை நாற்பது மெகாவாட்டைத் தாண்டினால்தான் கிடைக்கும், அது விதி. முன்பெல்லாம் ஒரு டீக்கடை திறந்தாலே உருக்காலை வருகிறது என்று எழுதுவேன். இந்த முறை அக்காவின் மூச்சு விஷயம். வாலைச் சுருட்டிக்கொண்டு வீடு, ஆஸ்பத்திரி, ஐஸ் ஃபேக்டரி என்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். நாற்பத்து நான்கு வந்தது. கலப்படமில்லாத நாற்பத்து நான்கு.

அலுவலகத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. நான் தரும் எண் எதுவானாலும் பாதியாக்கித்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்களாம். நம் ஊர் இருபத்திரண்டு ஆனது. பாதை அடுத்த திட்டத்துக்குத் தள்ளிப்போனது. தலைமைப் பொறியாளரிடம் ஓடி, "இது நிஜக் கணக்கு சார்" என்று சத்தியம் செய்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, "சத்தியம் வேறயா? அப்ப நாலால வகுத்திருக்கணும்யா" என்றார். நல்ல மனுஷர்தான். வேறொருவனைப் பற்றிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். வரைபடம் கையெழுத்தாகிவிட்டது.

அக்காவிடம் சொன்னேன். "உன் வாய் எனக்குத் தெரியாதாடா? விடு, பத்து வருஷம் யாருக்கு வேணும்" என்றாள். அதைச் சொல்லி முடிக்க நடுவே மூன்று முறை மூச்சு வாங்கினாள்.

உனக்கு எழுதக் கூடாது என்று அவள் உத்தரவு. முன்பொரு தரம் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று நான் எழுதி, நீ அலறியடித்து வந்தபோது அவள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நீயும் என் கடிதங்களைப் பாதியாக்கித்தான் படிக்கிறாய். தெரியும்.

ஆகவே இனி வருவதில் என் சரக்கு எதுவும் இல்லை. அவளால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். நகமெல்லாம் நீலம். டாக்டர், "பொண்ணு இருந்தா வரச் சொல்லுங்க" என்றார்.

இதை எதாலும் வகுக்காதே அம்மா.

பத்திரமாக வந்து சேர். நீ வரும்வரை கரண்ட் போகாமல் இருக்கட்டும்.

உன் மாமா