தட்டிய நேரமும் கேட்ட நேரமும்

வீடு,
ஜனவரி 14

அன்புள்ள மேளத்துக்கு,

கணக்கு எழுதுவது. நலம். நீயும் நலம் என்று அத்தை சொன்னார். அம்மாவுக்கு எழுத நேரம் இருக்கிறது, பெண்டாட்டிக்கு எழுதத்தான் இல்லை போலிருக்கிறது. போகட்டும். அந்தக் கடைசி போனுக்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அதைப் பற்றிப் பேச இதை எழுதவில்லை. இது வேலை விஷயம்.

எங்கள் கம்பெனியில் என்னைச் சின்னதாக ஒரு தாள விளையாட்டு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். திரையின் மேலிருந்து வட்டங்கள் இறங்கும், கீழே ஒரு கோடு இருக்கும். வட்டம் கோட்டைத் தொடும்போது பாட்டில் ஓர் அடி விழும். அந்த நேரத்தில் திரையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிது, நிரல் எழுதுகிறவளுக்குத்தான் உயிர் போகிறது. அடி விழுந்த நேரத்துக்கும் விரல் விழுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். மயிரிழைக்குள் இருந்தால் ‘மிகச் சரி’, கொஞ்சம் தள்ளினால் ‘சரி’, அதற்கும் வெளியே போனால் ‘தவறு’. விடாமல் சரியாகத் தட்டினால் சங்கிலி நீளும், மதிப்பெண் பெருகும். ஒரே ஒரு தவறு வந்தாலும் சங்கிலி அறுந்து பூஜ்யம். இதைப் படித்ததும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். என் குணத்தையே அப்படியே விளையாட்டாக எழுதிவிட்டேன் என்பாய்.

பாட்டு இன்னும் வாங்கவில்லை. அதுவரைக்கும் சோதித்துப் பார்க்க, நீ சமையலறை மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததை ஒரு நாள் பதிவு செய்தேனே, அதைப் போட்டு வைத்திருக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பழைய கைபேசியில் விளையாட்டை ஏற்றி அனுப்புகிறேன். உல்லாசக் கப்பலில் தினமும் டிரம்ஸ் வாசிக்கிற புருஷனை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போய் நிற்பேன்? ஆடிப் பார்த்து எழுது. மேல்தளத்துக் காற்றில் நிற்காதே.

இப்படிக்கு,
கணக்கு

கப்பல்,
பிப்ரவரி 20

அன்புள்ள கணக்குக்கு,

பொட்டலம் பத்திரமாக வந்தது. ‘வேறு காரணம் எதுவும் இல்லை’ என்று நீ எழுதினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கவில்லை.

உன் விளையாட்டு என் மானத்தை வாங்கிவிட்டது. என் விரல் தட்டியதை நானே திருப்பித் தட்டுகிறேன், தவறு என்கிறது. இன்னொரு முறை தட்டினால் அதுவும் தவறு. இரவெல்லாம் ஆட்களை ஆட வைக்கிற கை இது, தெரியுமில்லையா? என் அறையில் கூட இருக்கிற கீபோர்டுக்காரர் பத்து விரலையும் கண்ணாடியில் வைத்துத் துணிக்குச் சோப்பு போடுவது போலத் தேய்த்தார். என்னைப் போல மூன்று மடங்கு வாங்கிவிட்டார். “தம்பி, உங்களுக்கு டிரம்ஸ் யாரு கத்துக் கொடுத்தா?” என்று வேறு கேட்கிறார். அவர் பகலில் தூங்குகிறவர் என்பதால் வயரில்லாத இயர்போன் மாட்டிக்கொண்டு ஆடுகிறேன். இப்போதெல்லாம் அவர் தூங்குவதே இல்லை, என் மதிப்பெண்ணைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்.

அந்தப் பதிவில் தட்டலுக்குப் பின்னால் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்கிறது. நான் வந்த பிறகாவது அதைச் சரி செய்தாயா? வாஷர் வாங்கி மேல் அலமாரியில் நீல டப்பாவில் போட்டிருக்கிறேன். பாதியில் நாற்காலி இழுபடும் சத்தம் வருகிறது, அப்புறம் நீ “போதும்டா, தலை வலிக்குது” என்கிறாய். அந்த இடம் வரும்போது என் விரல் நின்றுவிடுகிறது. அங்கே மட்டும் நான் வாங்கிய பூஜ்யங்களுக்கு உன் விளையாட்டைக் குறை சொல்ல முடியாது.

ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கச் சொல்லித் தாள் கொடுத்திருக்கிறார்கள். மார்ச் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும். நீ விரும்பியபடியே செய்துவிடுகிறேன், கவலைப்படாதே.

அன்புடன்,
மேளம்

வீடு,
மார்ச் 9

அன்புள்ள மேளத்துக்கு,

முதலில் விளையாட்டு. நீ ஆடியதில் இரண்டு சிக்கல். ஒன்று என்னுடையது. திரை புதிதாக வரையப்படும் போதெல்லாம்தான் உன் விரல் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் நேரம் கொஞ்சம் ஓடிவிடுகிறது. இப்போது விரல் பட்ட நொடியையே எடுத்துக்கொள்கிறேன். அதை ஒப்பிடுவதும் கைபேசிக் கடிகாரத்தோடு அல்ல, பாட்டு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதோடு.

இரண்டாவது உன் இயர்போன். வயர் இல்லாததால் ஒலி உன் காதுக்கு வந்து சேரவே தாமதமாகிறது. நீ கேட்ட கணத்தில் சரியாகத்தான் தட்டியிருக்கிறாய், ஆனால் விளையாட்டைப் பொறுத்தவரை அந்த அடி எப்போதோ போய்விட்டது. கை மேல் தப்பில்லை, மானம் பத்திரம். இனிமேல் ஆட்டம் தொடங்கும் முன் வெறும் ‘டக் டக்’ வரும், கூடவே தட்டு. உனக்கு ஒலி எவ்வளவு தாமதமாக வருகிறது என்று அது பழகிக்கொண்டு, பிறகு நீ தட்டும் ஒவ்வொன்றிலும் அதைக் கழித்துவிடும். கீபோர்டுக்காரருக்கும் ஒரு பரிசு வைத்திருக்கிறேன். வட்டம் இல்லாத இடத்தில் தட்டினால் இனி சங்கிலி அறும். திருத்திய விளையாட்டை இந்தக் கடிதத்தோடு மெமரி கார்டில் வைத்திருக்கிறேன்.

இப்போது மற்றது. ‘நீ விரும்பியபடியே’ என்றால் என்ன அர்த்தம்? நான் என்ன விரும்பினேன் என்று உனக்கு யார் சொன்னது? அன்றைக்குப் போனில் நான் “ஏப்ரல்ல வந்துடுவியா?” என்று கேட்டேன். நீ வாயே திறக்கவில்லை. வெறும் இரைச்சல்தான் கேட்டது. அத்தை வேறு பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவா முடியும்? “சரி, வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன சொன்னான் என்று அத்தை கேட்டதற்கு லைன் கட்டாகிவிட்டது என்று புளுகினேன். மௌனமாக இருந்தவன் நீ. பழி மட்டும் என் தலையிலா?

இந்த வீட்டில் இப்போது யாரும் மேஜையைத் தட்டுவதில்லை. எனக்குத் தலைவலியே வருவதில்லை. அதுதான் பெரிய தலைவலி. நீ இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் ஓடவில்லை. போனில் சொல்ல வராததை எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடாதே.

கணக்கு

கப்பல்,
ஏப்ரல் 2

அன்புள்ள கணக்குக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் கையில் கிடைத்தது. போன வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் மௌனமாக இல்லை. கப்பல் போனுக்கு வரிசையில் நின்று என் முறை வந்திருந்தது, பின்னால் சமையல்காரர் நின்றிருந்தார். நீ “ஏப்ரல்ல வந்துடுவியா?” என்று கேட்டாய். உன் வாக்கியம் முடிந்ததோ இல்லையோ, “வரேன்” என்றேன். கத்தியே சொன்னேன். சமையல்காரருக்கே கேட்டுவிட்டது, சிரித்தார். அதற்குப் பிறகுதான் நீ “சரி, வேண்டாம்” என்றாய். போன் வைத்த சத்தமும் கேட்டது. சமையல்காரர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரேன் என்று சொன்னவனிடம் வேண்டாம் என்று சொன்னால், அவன் எந்த முகத்தோடு மறுபடி கூப்பிடுவான்? அம்மாவுக்கு எழுதினேன், நீ எப்படி இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ளத்தான்.

தாளைத் திருப்பித் தரச் சொல்லி இசைக்குழுத் தலைவரிடம் கேட்டேன். அது தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். எனக்குப் பதிலாக வர இருந்தவரை வேறு கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். காலில் விழாத குறைதான். இன்னும் ஒரு வருடம் இங்கேதான்.

புதிய விளையாட்டை ஆடினேன். ‘டக் டக்’ தட்டி முடித்த பிறகு எல்லாமே ‘மிகச் சரி’ என்று வந்துகொண்டே இருந்தது. நீ “போதும்டா” என்கிற இடத்திலும் விரலை நிறுத்தாமல் தட்டினேன், கண்தான் மறைத்தது. கீபோர்டுக்காரர் பூஜ்யம் வாங்கிவிட்டு என்னோடு பேச மாட்டேன் என்கிறார். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நான் சொன்ன “வரேன்” எங்கே போயிற்று?

மேளம்

வீடு,
ஏப்ரல் 24

என் மேளத்துக்கு,

எங்கும் போகவில்லை. அது வந்துகொண்டுதான் இருந்தது.

உன் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் மேஜையில் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நடுக்கடல் போனில் குரல் வானத்துக்கு ஏறி இறங்கி வர வேண்டும். என் கேள்வி உன்னிடம் வரக் கொஞ்ச நேரம், உன் பதில் என்னிடம் வரக் கொஞ்ச நேரம். நீ உடனேதான் சொல்லியிருக்கிறாய். அது இறங்கி வருவதற்குள் நான் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். என் “வேண்டாம்” உன் “வரேன்”-க்குப் பிறகு உன் காதில் விழுந்திருக்கிறது. உன் “வரேன்” என் கையில் இருந்த போனுக்கு வந்தபோது போன் என் காதில் இல்லை.

இதே கணக்கைப் போட்டுத்தான் மாதக்கணக்கில் சம்பளம் வாங்குகிறேன். உன் இயர்போனுக்குக் கழித்துக் கொடுத்தேன், உனக்குக் கொடுக்கவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். திரும்பி வந்தபோது பக்கத்து மேஜைப் பெண் தண்ணீர் வைத்தாள்.

அன்றைக்கே நிரலில் கை வைத்தேன். ‘சரி’-க்கும் ‘தவறு’-க்கும் நடுவில் ‘தாமதம்’ என்று புதிதாக ஒன்று. மதிப்பெண் குறைவுதான், ஆனால் சங்கிலி அறாது. ஆட்டம் சப்பென்று ஆகிவிடும் என்று மேலாளர் குதித்தார். “இதெல்லாம் யாருக்காகம்மா?” என்று கேட்டார். தூரத்தில் இருப்பவர்களுக்காக என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஜூன் முதல் ஞாயிறு மாலை கூப்பிடு. ஒரு விதி மட்டும். நான் ஒன்று சொன்னால் மேஜையில் மெதுவாக நான்கு தட்டு தட்டுவேன், அதுவரை வாயைத் திறக்க மாட்டேன். நீயும் அப்படியே. நான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

உன்,
கணக்கு

வீடு,
ஜூன் 11

என் மேளத்துக்கு,

நீ போனை வைத்ததிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாதே.

அத்தை எதிரில் உட்கார்ந்திருந்தார். “அடுத்த ஏப்ரல்ல வந்துடுவியா?” என்று கேட்டுவிட்டு மேஜையைத் தட்ட ஆரம்பித்தேன். மருமகளுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்பது போல அத்தை பார்த்தார். முதல் தட்டில் இரைச்சல். இரண்டாவது தட்டிலும் அதே இரைச்சல். பழைய கோபம் திரும்பி வந்தது, பொய் சொல்லவில்லை. கை போனை இறக்கப் பார்த்தது. மூன்றாவதையும் தட்டினேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், “வரேன்” என்றாய்.

நான் நான்காவதைத் தட்டவில்லை. தட்ட முடியவில்லை. அந்தப் பக்கம் உனக்கு ஒன்றும் கேட்காமல் “இருக்கியா, இருக்கியா” என்று பதறினாயாமே, அப்போது நான் போனை அத்தை காதில் வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தேன். அவர் விதி தெரியாமல் உன்னோடு ஒரே நேரத்தில் பேசிப் பேசி, மகனுக்கு மரியாதை போய்விட்டது, குறுக்கே குறுக்கே பேசுகிறான் என்று இன்றுவரை புலம்புகிறார்.

ஏப்ரல் தொலைவில்தான் இருக்கிறது. வருத்தமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த முறை நீ சொன்னது என் காதில் இருக்கிறது.

விளையாட்டு வேலை முடிந்து வெளியாகிவிட்டது. புதுப் பாட்டு வாங்கிப் போட்டார்கள். முதலில் வரும் அந்த ‘டக் டக்’ கட்டத்துக்கு மட்டும் உன் மேஜைத் தட்டலை வைத்துக்கொண்டார்கள், “போதும்டா”-வை நானே வெட்டிவிட்டேன். குழாய்ச் சத்தம் இருக்கிறது.

நேற்று அத்தை குழாய்க்காரரை அழைத்து வந்துவிட்டார். நீல டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுக்கப் போனவள், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். சொட்டட்டும். நீ வந்து மாற்று.

உன்,
கணக்கு