தட்டைக் கோடுகளை நீக்கவும்

மார்ச் 4, 07:10
நிலவின் தென்முனை, மூன்றாம் தொடர்புக் கூடம். ஆள்: நான் ஒருவன்தான். கிளாட்வின், மின்னணுப் பொறியாளர். ஆன்டெனா சரி. காற்று சரி.

கூடத்துக்கு ஒரு ஆள். எல்லாரும் முப்பதுக்குக் கீழ். காலையில் எழுந்ததும் ஒரு முறை, அரைமணி கழித்து ஒரு முறை, எச்சிலைச் சோதனைப் பட்டையில் தடவி இயந்திரத்தில் வைக்கிறோம். அது கார்ட்டிசாலை அளக்கும். மன அழுத்தத்தில் ஏறும் சுரப்பு. எல்லை தாண்டினால் தலைமைத் தளம் மீட்பு வண்டி அனுப்பும். போன வருடம் இங்கே ஒரு பெண் தற்கொலை செய்துகொண்ட பிறகு வந்த ஏற்பாடு. எல்லார் முடிவும் என் இயந்திரம் வழியாகத்தான் தளத்துக்குப் போகிறது.

நான்காம் கூடத்து ஜெபின் அழைத்தான். கடியப்பட்டணத்துக்காரன், இருபத்திரண்டு வயது. "அண்ணே, புட்டு அவிச்சாச்சா, இல்ல நேத்து மாதிரி கான்கிரீட்டா?" வேலை நேரத்தில் இது தேவையா? துண்டித்தேன்.

மார்ச் 11, 07:50
ஜெபினின் சோதனை முடிவை இயந்திரம் மறுபடி தள்ளிவிட்டது. எழுந்த அரைமணியில் கார்ட்டிசால் ஏற வேண்டும். அவனுக்கு ஏறவில்லை, வரைபடத்தில் கோடு தட்டை. தட்டைக் கோடு வந்தால் பட்டை கெட்டது என்று கொண்டு, அதை நீக்கிவிட்டு முந்தைய நல்ல அளவையே அனுப்பு என்பது விதி. கெட்ட அளவை நீக்குவது எந்த ஆய்வகத்திலும் உள்ள பழக்கம்தான்.

"பட்டைய ஒழுங்கா வையிலே" என்று கத்தினேன். "சரிண்ணே" என்றான். அவ்வளவுதான். கிண்டல் இல்லை.

மார்ச் 15, 12:05
புதுப் பெட்டிப் பட்டையிலும் தட்டை. அதே வகைப் பட்டையில் என் எச்சிலுக்கு அளவு ஒழுங்காக ஏறுகிறது. அப்படியானால் கெட்டது பட்டை இல்லை.

பழைய ஆய்வுகளைத் தோண்டினேன். நெடுநாள் மன அழுத்தத்தில் அடிபட்ட இளைஞர்கள் சிலரின் உடம்பு, அழுத்தத்துக்குப் பதில் சொல்வதையே நிறுத்திவிடுமாம். தற்கொலைக்கு முயன்ற சிலரிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். எல்லாரிடமும் இல்லை. கோட்டை வைத்து யாரையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் நாங்கள் அளவு உயர்ந்தால் மட்டும் அடிக்கிற மணியைக் கட்டியிருக்கிறோம். தட்டையைக் குப்பையில் போடுகிறோம்.

13:20
தளத்து மருத்துவர் அம்சவேணி: "அவனோட அளவு நார்மல்னுதான்ப்பா வருது. அலாரம் இல்லாம வண்டி அனுப்ப எனக்கு அதிகாரமில்ல."
"அது பழைய அளவு மேடம்! அதையேதான் திரும்பத் திரும்ப அனுப்பிட்டிருக்கோம்."
"எழுதி அனுப்பு. கமிட்டியில வைக்கிறேன்."

13:40
நேரே கேட்டேன். "ஜெபின், சாகணும்னு தோணுதாலே?"
"ம். கொஞ்ச நாளா. அழுகைகூட வரல்லண்ணே. ஒண்ணுமே வரல்ல."
"நான் வருகேன்."
"எதுக்குண்ணே? ஒங்களுக்கு வேல கெடக்கு."
"கெடந்துட்டுப் போகுது. நீ பேசிட்டே இரு."

14:30
என் கூடத்து வண்டியில். கவச உடையின் கைத்திரையில் எழுதுகிறேன். கூடத்தை ஆளில்லாமல் விட்டால் வேலை போகும். போகட்டும். மின்கலம் போவதற்கு மட்டும் போதும், திரும்ப வராது. ஒற்றை ஆள் கூடத்தில் இரண்டு பேர் மூச்சுவிட்டால் காற்று அலாரம் அடித்தே தீரும். அதற்குக் கமிட்டி வேண்டாம். தளத்து மீட்பு வண்டி தானாகப் புறப்படும். இதுதான் என் கணக்கு.

இதைக் கண்டெடுப்பவருக்கு: தட்டைக் கோடுகளை நீக்காதீர்கள். வாய் திறந்து கேளுங்கள்.

16:10
குன்று மறைக்கிறது. தொடர்பு அறுந்துவிட்டது. கடைசியாக "ரொம்ப அசதியா இருக்குண்ணே" என்றான். தலைக்கவசத்துக்குள் என் மூச்சுச் சத்தம் மட்டும். எத்தனை காலை துண்டித்திருப்பேன்? அந்த நாட்களில் அவன் கேட்ட ஒரே மனிதக் குரல் என்னுடையது. நான் கேட்டதும் அவனுடையது மட்டும்தான். அது எனக்கு உறைக்கவே இல்லை.

17:25
நான்காம் கூடம். விளக்கு எரிகிறது. தட்டினேன். மறுபடி. மறுபடி. கை வலிக்கிற வரை.

ரேடியோ கரகரத்தது. "உள்ள ஒரு கட்டில்தான் கெடக்குண்ணே."
"நீ படுலே. நான் தரையில கெடக்கேன். கதவத் தொற."

ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும்

கதவில் வைத்த உள்ளங்கை அதிர்கிறது. தாழ்ப்பாள். நகர்கிறது. எழுத நேரமில்