அரங்கேற்ற கேசட்

ஐசலின், 1998

கண்ணம்மா,

எழுத்துக்கூட்டியாவது முழுசா படி.

அமெரிக்கா டீம்ல நீ ஆடின முதல் சாக்கர் மேட்சை டிவியில பார்த்தேன். கோல் போட்டவளையே திரும்பத் திரும்பக் காட்டினாங்க. நடுவுல நின்னு அந்தப் பந்தைக் கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரியாதா?

மேட்ச் ஆரம்பிக்கிற நேரத்துல ரெக்கார்ட் பண்ண காலி கேசட் இல்ல. அதுவரைக்கும் பேப்பரை விட்டு நிமிராத அப்பா எழுந்து, உன் பரதநாட்டிய அரங்கேற்ற கேசட்டை விசிஆர்ல போட்டார். நீ டான்ஸை விட்டதுலேருந்து அவர் உன்கிட்ட போன்லகூட பேசினதில்ல, அந்தக் கேசட்டையும் யாரும் தொட்டதில்ல.

"அது அழிஞ்சிடுமே!"ன்னேன்.

"தெரியும்"னார்.

மேட்ச் முடிஞ்சதும், இனிமே யாரும் அதுமேல ரெக்கார்ட் பண்ண முடியாதபடி கேசட் ஓரத்துப் பிளாஸ்டிக்கையும் உடைச்சுட்டார்.

ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன்.

அம்மா