கல்லில் கோடு வரை

12 பிப்ரவரி 1991

ஒன்பது பேர் இருந்த வகுப்பில் இன்று ஐந்து பேர். சுற்றுச்சூழல் வரலாறு என்றால் மரம் நடும் பாடம் என்று நினைத்துச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். துறைத்தலைவர் காந்திமதிநாதன் சார் வேறு, எல்லார் முன்னாலும், "ஏம்மா பிரம்மநாயகி, ஆத்துக்கு எதுக்கும்மா வரலாறு? அது பாட்டுக்கு ஓடுது" என்கிறார். சிரித்துத் தொலைத்தேன்.

மாலையில் அவரே கூப்பிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். ஆற்றங்கரை மேட்டில் பீடி சுற்றும் குடும்பங்களுக்கு நாற்பது வீடு கட்டப் போகிறார்களாம். பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று எங்கள் துறை எழுதித் தர வேண்டும். பதினோரு வருட ஆசிரிய வேலையில் என்னிடம் ஒருவர் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி.

3 மார்ச்

கல் கிடைத்துவிட்டது. படித்துறை மண்டபத்துச் சுவரில், கொல்லம் ஆண்டு பொறித்து, கீழே ஒரு கோடு. சென்னை ஆவணக் காப்பகத்தில் நான் பார்த்து எழுதி வைத்திருந்த பழைய கடிதத்தில் "வெள்ளம் கல்லில் கோடு வரை" என்று இருந்ததே, அதே கல். நாடா வைத்து அளந்தேன். வீடு கட்டப்போகும் மேடு கோட்டுக்கு ஆறடி மேலே.

பக்கத்தில் ஒரு அம்மாள் துவைத்துக்கொண்டிருந்தாள். ஆசியா உம்மாள். வயது நாற்பத்தைந்து இருக்கும், வீட்டுக்கு மனுப் போட்டவர்களில் ஒருத்தி. "அந்தக் கல்லு இங்கன இருந்ததில்ல டீச்சர். மேல, அரசமரத்துக்கிட்ட நின்னுச்சு. மண்டபத்தைப் பிரிச்சுக் கெட்டும்போது கீழ கொண்டாந்து பதிச்சிட்டாவ. நான் அப்ப சின்னப்பிள்ள" என்றாள். எந்த வருடம் என்று கேட்டால் தெரியவில்லை. களக்குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: வாய்மொழி. ஆதாரம் இல்லை.

20 மார்ச்

அறிக்கை போய்விட்டது. மேடு பாதுகாப்பானது. பதினாலு பக்கம், முப்பத்தொரு அடிக்குறிப்பு. ஒன்றைக்கூட யாரும் அசைக்க முடியாது.

9 செப்டம்பர் 1992

சாவி கொடுத்தார்கள். அழைப்பிதழில் என் பெயர் இல்லை. ஆனாலும் போனேன். பதினேழாம் எண் ஆசியா உம்மாளுக்கு. அவள் கணவர் சேக் முகம்மதுவை நாற்காலியோடு தூக்கிவந்து உள்ளே வைத்தார்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த நாள் முதல் அவருக்குக் கால் விளங்காது. ஜன்னல் பக்கம் உட்காரவைக்கச் சொல்லி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சேமியா பாயசம் வந்தது. கல்லைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

13 நவம்பர்

விடிந்ததிலிருந்து ஆறு இரைகிறது. இங்கே வீட்டுக்குள் கேட்கிறது. பாலத்தில் யாரையும் விடவில்லை.

16 நவம்பர்

இன்றுதான் போக முடிந்தது. பதினேழாம் எண்ணில் ஜன்னலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் சேற்றுக்கோடு. வெள்ளத்தன்று காலையில் தண்ணீர் ஏறியதும் எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். சேக் முகம்மதுவைத் தூக்க ஆள் கூட்டிக்கொண்டு ஆசியா உம்மாள் திரும்பி வருவதற்குள் —

நாந்தான அளந்தேன். நாடாவைப் பிடிச்சு நாந்தான. அவ சொன்னாளே. பக்கத்துல நின்னு சொன்னாளே. கேட்டு எழுதிக்கவும் செஞ்சேனே.

30 நவம்பர்

ஆசியா உம்மாள் மேலப்பாளையத்தில் தங்கச்சி வீட்டில் இத்தா இருக்கிறாள்; கணவர் இறந்து நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது. பெண் என்பதால் என்னை உள்ளே விட்டார்கள். நான் உட்கார்ந்ததும், "நான் அன்னைக்கே சொன்னேம்லா டீச்சர்" என்றாள். கோபம் இல்லை. பீடி இலையை வெட்டிக்கொண்டே சொன்னாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

4 ஜனவரி 1993

அதே மேட்டில் மறுபடியும் வீடு கட்டுகிறார்கள். என் அறிக்கையைத்தான் கோப்பில் இணைத்திருக்கிறார்கள். வந்தது ஏதோ எப்போதாவது வரும் வெள்ளமாம்.

அறிக்கை தவறு என்று எழுதப்போகிறேன் எனக் காந்திமதிநாதன் சாரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "உங்கிட்ட யாராவது கேட்டாகளா? மார்ச்சுல உனக்கு ரீடர் ப்ரமோஷன் இன்டர்வியூ. அதுவரைக்கும் பைய இரும்மா" என்றார். கெட்டவர் இல்லை. அறிக்கையில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

11 ஜனவரி

எழுதவில்லை. பயம்தான், வேறென்ன.

19 ஜனவரி

எழுதினேன். வீடு கட்டும் அலுவலகத்துக்கு, இரண்டு பக்கம். கல் இடம் மாறியது, என் கணக்கு தவறு, மேடு பாதுகாப்பானதல்ல. ஒரே அடிக்குறிப்பு: ஆசியா உம்மாள், பீடித் தொழிலாளி, நேரில் சொன்னது, 3 மார்ச் 1991.

25 ஜனவரி

சாட்சியை நேரில் கூட்டிவரச் சொல்கிறார்கள். இத்தா முடிய மார்ச் கடைசி ஆகும், அதுவரை அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள் என்றேன். "அப்படின்னா எழுதி வாங்கிக் குடுங்க" என்றார் அதிகாரி. அவள் சொன்னதை எழுதி, படித்துக்காட்டி, கைநாட்டு வாங்கிக் கொடுத்தேன்.

26 பிப்ரவரி

பதில் வந்தது. "ஆவண ஆதாரமற்ற வாய்மொழித் தகவல் என்பதால் ஏற்பதற்கில்லை. முந்தைய அறிக்கையே செல்லும்."

பழைய களக்குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று வார்த்தை. என் கையெழுத்து.

24 மார்ச்

ரீடர் பதவி வேறொருவருக்கு. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

2 ஜூலை

பதினேழாம் எண் வேண்டாம் என்று ஆசியா உம்மாள் எழுதிக் கொடுத்துவிட்டாள். மனுவை நான்தான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன். "ஒண்ணும் போடாதிய" என்றாள்.

7 அக்டோபர்

எங்கள் துறை அறைகளைப் பெருக்கும் முப்பிடாதி லட்டோடு வந்தாள். வீட்டில் பீடியும் சுற்றுகிறவள். "வீடு கெடச்சிட்டு டீச்சர். ஒருத்தி வேண்டாம்னுட்டா போல. பதினேழாம் நம்பர்."

உட்காரவைத்துச் சொன்னேன். கல், கோடு, சேக் முகம்மது, என் தப்பு, எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டாள். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "நீங்கதான டீச்சர் அது நல்ல மேடுன்னு எழுதிக் குடுத்தீங்க? ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டுனாவ. உங்க பேரைக் கேட்டதும்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றாள்.

வீட்டில் யார் யார் என்று கேட்டேன்.

"நானும் அவுகளும், ரெண்டு பிள்ளையளும். அப்புறம் அத்தை. அவுக எந்திரிச்சு நடக்க மாட்டாக."

ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது.