மாற்றாமல் விட்ட நம்பர்

வாசல் கதவில் பழைய நம்பர் பூட்டு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் தெரிகின்றன. புதிய பூட்டு சின்னது; அவற்றை மறைக்கவில்லை. அதைப் போட வந்தவர் துளைகளை அடைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் மனதுக்குள் உன்னோடு பேசத் தொடங்கிவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

'நீ' என்றே எழுதுகிறேன். உனக்கும் எனக்கும் ஒரே வயது. நீ என்னை அம்மா என்றாய், நான் உன்னை நீ என்றேன். செத்த பிறகு 'நீங்கள்' என்று எழுதினால் அந்த மரியாதை உனக்குப் போய்ச் சேராது. எனக்குத்தான் ஆறுதலாக இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, காலை ஏழு மணிக்கெல்லாம் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் போகும் எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து வருவாய். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகிக் கொழும்புக்கு வந்து, புருஷன் போன பிறகு ஒரே மகளை வளர்ப்பதற்காக வீட்டு வேலைக்கு வந்தவள். நான் கொள்ளுப்பிட்டியில் அலுவலகத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நாலு வருடமும் என் வீட்டில் சமைத்தது நீ. என் மகளைப் பள்ளிக்கூட வான் வண்டியில் ஏற்றி, இறக்கி, சோறூட்டியதும் நீ.

நம்பர் பூட்டு போட்ட நாள் உனக்கு நினைவிருந்திருக்கும். ஒழுங்கையில் எல்லாரும் போடுகிறார்கள் என்று நாங்களும் போட்டோம். சாவி வேண்டாம், நாலு இலக்கத்தை அமத்தினால் கதவு திறக்கும், அலாரமும் நின்றுவிடும். பூட்டைப் போட வந்தவர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, அதோடு வந்த சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். கம்பனியிலிருந்து வரும்போதே இதற்குள் ஒரு நம்பர் இருக்கிறது, நாங்கள் எங்கள் நம்பரைப் போட்டாலும் அது அழியாது, தான் போனபிறகு அதையும் மாற்றிவிடுங்கள் என்றார். நான் போனில் தங்கச்சியோடு கதைத்தபடி தலையாட்டினேன். நீதான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்று முழுவதையும் கேட்டாய்.

இரண்டு கிழமை கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாய்.

"அம்மா, அந்த ஆளு இன்னொரு நம்பரையும் மாத்தச் சொன்னாரே. மாத்திட்டீங்களா?"

"உனக்கேன் அந்தக் கதை? உன்ர வேலையைப் பார்."

அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை.

வத்தளையில் என் அண்ணன் மகளின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. உனக்கு லீவு. நாங்கள் பின்னேரம் திரும்பி வந்தபோது கதவு ஒழுங்காகப் பூட்டித்தான் இருந்தது. அறைக்குள் அலுமாரி மட்டும் திறந்து கிடந்தது. என் அம்மாவின் அட்டியலும் காப்புகளும் இல்லை. கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

வந்த பொலிஸ்காரர் சிங்களத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நம்பர் யார் யாருக்குத் தெரியும்? எனக்கும் என் கணவருக்கும் உனக்கும். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

"அவசரப்படாதை. நாலு வருசமா வாற மனுசி," என்றார் என் கணவர்.

"அப்ப ஏன் அவ நம்பர் மாத்தினதோ எண்டு என்னட்டக் கேட்டவ?" என்றேன். நீ என் வீட்டைக் காப்பாற்றக் கேட்ட கேள்வியை உனக்கு எதிரான சாட்சியாக்கிப் பொலிஸிடமும் சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை ஏழு மணிக்கு நீ வழமைபோல் வந்தாய். களவெடுத்தவள் வருவாளா என்று எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு நெஞ்சழுத்தம் என்றுதான் தோன்றியது. உன் பையைப் பறித்து ஹோல் தரையில் கொட்டினேன். சீப்பு, பிரஷர் குளிசை, உன் மகளின் பழைய பள்ளிக்கூடப் படம் ஒன்று, நேற்றைய ரொட்டி பேப்பரில் சுற்றியபடி. என் மகள் குனிந்து அந்தச் சீப்பை எடுத்து உன் கையில் தரப் பார்த்தாள். அவள் கையில் அடித்தேன்.

"நான் எடுக்கலம்மா," என்றாய். ஒரே ஒரு தடவை. பிறகு பொலிஸ் ஜீப் வரும்வரை குசினி வாசலில் நின்றாய். அடுப்பில் வைத்திருந்த பால் பொங்கியபோது, போய் அதை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றாய்.

இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. என் மகளின் பிறந்தநாள் படத்திலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து ஒழுங்கையின் வட்ஸ்அப் குறூப்பில் போட்டேன். "இவவை ஒருத்தரும் வேலைக்கு எடுக்க வேண்டாம்" என்று எழுதினேன். நன்றி சொல்லிப் பதில்கள் வந்தன. அந்தப் படம் தெஹிவளையில் இருக்கும் என் தங்கச்சிக்கே வேறு யாரோ மூலம் போயிருந்தது.

சில மாதம் கழித்து, ஒரு மத்தியானம், நீ கேற்றுக்கு வெளியே வந்து நின்றாய். நான் கதவைத் திறக்காமல் இன்டர்கொம்மில் கதைத்தேன்.

"அம்மா, நான் எடுக்கலன்னு ஒரு கடிதம் எழுதித் தாங்க. வேற ஒண்ணும் கேட்கல. யாரும் வேலைக்கு எடுக்க மாட்டேங்கிறாங்க. மகளுக்குப் பேசின சம்பந்தமும் நின்னு போச்சு."

"போகாட்டிப் பொலிஸுக்குப் போன் எடுப்பன்."

நீ போகவில்லை. நல்ல வெயில். "அம்மா, அன்ரிக்குத் தண்ணி குடுக்கட்டோ?" என்று என் மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நீ போகும்வரை பார்த்தேன். அதன்பிறகு எங்கள் நாலு இலக்கத்தை இன்னொரு தடவை மாற்றினேன். அப்போதுதான் நெஞ்சு நிம்மதியானது. மற்ற நம்பர் உள்ளேயே இருந்தது.

நீ வத்தளையில் ஒரு தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாயாம். அங்கேயே ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாயாம். உன் வீட்டுப் பக்கத்திலிருந்து வரும் மீன்காரர் கேற்றடியில் வைத்துச் சொன்னார். இனி இங்கே வந்து நிற்கமாட்டாள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அன்று வாங்கிய மீனைச் சமைத்துச் சாப்பிட்டேன்.

பிறகு ஒன்றிரண்டு வருடம் போயின. கடல் உப்பு பட்டுப் பூட்டின் பொத்தான்கள் இறுகிவிட்டன. போன மாதம் தெஹிவளையிலிருந்து ஒருவர் மாற்ற வந்தார். நான் நம்பரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் நாலு இலக்கத்தை அமத்தினார். கதவு திறந்தது.

"எங்கட நம்பர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இது உங்கட நம்பர் இல்ல மிஸ். பெக்டரி நம்பர். இந்த மொடல் எல்லாத்துக்கும் ஒண்டுதான். போட்ட அண்டைக்கே மாத்தியிருக்கணும்."

"வேற ஆருக்குத் தெரியும்?"

"இந்தப் பூட்டுப் போடுற எல்லாருக்கும் தெரியும். தேடினா இன்டர்நெட்டிலயும் இருக்கும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் போய்க் கட்டிலில் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மீன்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மாடி வீட்டில் உன் மகள் கதவைப் பாதி திறந்தாள். யார் என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. நடைபாதையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். அவள் அழவில்லை, ஏசவுமில்லை.

"இதை ஏன் இங்க வந்து சொல்றீங்க?" என்றாள். "எங்கம்மா எடுக்கலன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். உங்க ஒழுங்கையில போய்ச் சொல்லுங்க." கதவைச் சாத்தினாள்.

அன்றே குறூப்பில் எழுதினேன். இரண்டு பேர் பெருவிரல் படம் போட்டார்கள். அடுத்த செய்தி தண்ணீர் வெட்டைப் பற்றியது. பிறகுதான் ஒவ்வொரு வீடாக ஏறத் தொடங்கினேன். பலருக்கு உன் பெயர் மறந்துவிட்டது. "ஆர், உங்கட வீட்டில களவெடுத்தவவோ?" என்கிறார்கள். நான் தந்த பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நேற்று எதிர்வீட்டு அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நகையை ஆர் எடுத்தது?"

"தெரியாது அக்கா."

"பிறகெப்பிடி அவ எடுக்கேல்லை எண்டு சொல்லுறீர்?"

உன்னைக் கள்ளி என்று நான் சொன்ன அன்று, இதே அக்கா என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"பழசைக் கிளறாதையும். உள்ளுக்கு வாரும், ஒரு தேத்தண்ணி குடிப்பம்," என்றார்.

நான் இறங்கிப் போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். மணி அடித்துவிட்டு நிற்கும் அந்த நேரத்தில், உள்ளே யாரோ திரைச்சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடியது தெரிந்தது. வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.