கண் திறந்த சினை

ஓட்டர் துறை
மார்ச் 12, 1979

அன்புள்ள எல்வினா,

நான் நன்றாகவே இருக்கிறேன். மழைக்கு முன்னால் மட்டும் முட்டி வலிக்கிறது. நம் ஊரில் எல்லா நாளும் மழைக்கு முந்தைய நாள்தான் என்பது உனக்குத் தெரியும். ஜூனோவில் உன் தங்கை பெர்த்தாவுக்கு இடுப்பு சரியாகிவிட்டதா? கோல் இல்லாமல் நடக்கிறாளா?

ஒரு செய்தி. இந்த வசந்தத்தில் நான் படகை எடுக்கவில்லை. துறையில் கட்டிப் போட்டுவிட்டேன். சுருக்குவலை கொட்டகையில் சுருண்டு கிடக்கிறது. மற்ற படகுக்காரர்கள் கேட்டார்கள்: "என்னய்யா லைமன், ஹெர்ரிங் வர்ற நேரத்துல காய்ச்சலா?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லப் போனால் பெரிய கதை.

அந்தக் கதை உனக்கும் எனக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் உன் அம்மாவின் குடா வாசலில் வலை போட்டேன். சினை வைக்க வந்த ஹெர்ரிங் மீன் கூட்டத்தை அப்படியே அள்ளினேன். அனுமதி இருக்கிறது, சட்டப்படி தப்பில்லை என்று உன்னிடம் கத்தினேன். அந்த இலையுதிர்காலத்தில் உன் அம்மாவின் நினைவு விருந்து. உங்கள் அண்டங்காக்கைக் குலத்தார் எங்கள் கழுகுக் குலத்தாருக்குப் பரிமாற, கடலில் இறக்கிய மரக்கிளையில் மீன் ஒட்டி வைக்கும் சினை ஒரு கிளைகூட இல்லை. விருந்தாளி வரிசையில் உட்கார்ந்து நான் வெறும் ரொட்டியைத் தின்றேன். மறுநாள் நீ பெட்டியைக் கட்டினாய். "எடுத்ததைத் திருப்பிக் கடல்ல போடு, அப்ப வர்றேன்" என்றாய். "செத்த மீனை எப்படிடி திருப்பிப் போடுறது?" என்று நான் கேட்டேன். அது முடியாது என்றேன்.

கேட்க வந்தது இதுதான். அந்தக் குடாவில் இந்த வருடம் நான் கிளை இறக்கலாமா? அது உன் அம்மாவழி இடம். நீ சொல்லாமல் நான் ஒரு குச்சிகூட அங்கே போட மாட்டேன்.

உன்,
லைமன்

---

ஜூனோ
மார்ச் 19, 1979

லைமன்,

கடிதம் கிடைத்தது. பெர்த்தா கோல் இல்லாமல் நடக்கிறாள், என்னைத் திட்டும்போது மட்டும் கோலை எடுத்துக்கொள்கிறாள். உன் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். "உன் புருஷன் கிளை இறக்கப் போறானாமா? அவனுக்கு ஹெம்லாக் மரம் எது, ஸ்புரூஸ் மரம் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைப்பானேன். முப்பது வருடம் நான் கிளை இறக்கினேன், நீ ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. உனக்குத் தெரிந்ததெல்லாம் வலையும் இயந்திரமும்தான்.

இறக்கு. அனுமதி தந்தேன்.

ஆனால் ஒழுங்காகச் செய். ஹெம்லாக் மட்டும். ஸ்புரூஸ் ஊசி பல்லில் குத்தும், பிசின் வாடை அடிக்கும், ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கும். அடர்த்தியான இளங்கிளையாகப் பார். குடாவின் வடக்கு ஓரம், அம்மா கல் என்று நாங்கள் சொல்லும் பாறைக்கு அப்பால் இறக்கு. கடல் வற்றினாலும் நீருக்குள்ளேயே இருக்க வேண்டும், தரையைத் தொட்டால் மணல் ஏறிவிடும். இயந்திரம் போடாதே, துடுப்புப் போட்டுப் போ. டப்பாவைத் தட்டாதே, பாடாதே. ஹெர்ரிங்குக்கு உன் பாட்டு பிடிக்காது. எனக்குத்தான் என்ன காரணத்தாலோ பிடித்துத் தொலைந்தது.

இன்னொன்று. கிளையைத் தூக்கும்போது என்னைக் கேட்டுத் தூக்கு. அந்த இடத்தில் ஒருமுறை என்னைக் கேட்காமல் எடுத்தாய். மறுபடி அது நடக்கக் கூடாது.

அனுமதி கொடுத்ததால் நான் வருவேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு வசந்தம் படகைக் கட்டிப் போடுவது பெரிய காரியமில்லை.

எல்வினா

---

ஓட்டர் துறை
ஏப்ரல் 2, 1979

அன்புள்ள எல்வினா,

வந்துவிட்டது! ஹெர்ரிங் கூட்டம் குடாவுக்குள் வந்துவிட்டது.

போன வாரமே திமிங்கிலங்கள் வந்துவிட்டன. கடற்சிங்கங்கள் குடா வாசலில் கூச்சல் போட்டன. கழுகுகள் எல்லா மரத்திலும் உட்கார்ந்திருந்தன, எங்கள் குலத்தாருக்கு எங்கே சாப்பாடு என்று எப்படியோ தெரிந்துவிடுகிறது. நேற்றுக் காலையில் உன் அம்மா கல்லில் இருந்து வடக்கு முனைவரை தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துப் போனது. நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். படகின் அடியில் மீன்கள் உரசிக்கொண்டு போவது பலகை வழியாகக் காலில் தெரிந்தது. இத்தனை வருடம் இந்த மீனைப் பிடித்தேன். அது சினை வைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கிளை பத்து இறக்கியிருக்கிறேன். உன் பெரியப்பா மகள் ஹெஸ்டர் வந்து ஒவ்வொன்றையும் சோதித்தாள். முதலில் வெட்டியதில் இரண்டு ஸ்புரூஸ். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். கடைக்குப் போனால் சின்னப் பிள்ளைகள்கூட மரத்தைக் காட்டி, "இது என்ன மரம் மாமா?" என்று கேட்கிறார்கள்.

நாலு நாளில் தூக்க வேண்டும் என்கிறாள் ஹெஸ்டர். நீ வந்து தூக்கு, எல்வினா. வர முடியாவிட்டால் தூக்கு என்று ஒரு வார்த்தை எழுது. கடைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் அங்கே பேசினால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும், நம் விஷயம் நம்மோடு இருக்கட்டும். இன்றைய தபால் விமானத்தில் இதை அனுப்புகிறேன்.

உன்,
லைமன்

---

ஜூனோ
ஏப்ரல் 4, 1979

அன்புள்ள லைமன்,

உடனே எழுதுகிறேன். தூக்கு, தாமதிக்காதே. சினை விரல் தடிமன் ஏறியிருக்கும். முதல் கிளை ஹெஸ்டருக்கு, அப்புறம் கால் முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கு, அப்புறம்தான் நம் வீட்டுக்கு. ஒரு பெட்டி எனக்கு அனுப்பு. கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, கடல்நாய் எண்ணெய் தொட்டு, பல்லுக்கு அடியில் நறுக் நறுக் என்று உடையும்படி தின்று மூன்று வருடம் ஆகிறது. பெர்த்தா தன் பங்கை இப்போதே கேட்கிறாள்.

நான் வரவில்லை. கோபம் குறைந்துவிட்டது, அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் விருந்தன்று வந்தவர்கள் முன்னால் வெறும் தட்டோடு நின்றது இன்னும் போகவில்லை. அடுத்த வருடம் யாராவது உன்னைச் சீண்டினால் நீ மறுபடி வலையை ஏற்றுவாய் என்று ஒரு பயம். நீ நல்லவன்தான். அந்தப் படகில் ஏறினால் மட்டும் வேறு ஆளாகிவிடுகிறாய்.

பாடாமல் இருந்தாயா?

எல்வினா

---

ஓட்டர் துறை
ஏப்ரல் 14, 1979

அன்புள்ள எல்வினா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. தென்கிழக்குக் காற்று ஒன்பது நாள் விடாமல் அடித்தது. தபால் விமானம் வரவில்லை. கடைத் தொலைபேசியும் செத்துக் கிடந்தது.

ஹெஸ்டர் தினமும் வந்து திட்டினாள். வேறு இடத்தில் இறக்கியிருந்த தன் கிளைகளை அவள் நாலாம் நாளே, காற்றிலேயே போய்த் தூக்கிவிட்டாள். "தூக்குய்யா! கெட்டுப் போயிடும்யா! அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, நான் பேசிக்கிறேன்" என்றாள். "கேட்டுத் தூக்குன்னு எழுதியிருக்கா. கேக்காம தொட மாட்டேன்" என்றேன். "இந்தப் புத்தி அன்னைக்கு எங்க போச்சு?" என்றாள்.

நேற்று உன் எழுத்தைப் பார்த்ததும் நேராகக் குடாவுக்குத் துடுப்புப் போட்டேன். முதல் கிளையைத் தூக்கினேன். சினை மணிக்கட்டுத் தடிமன் இருந்தது. அப்படி ஒரு கிளையை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கிட்டே பார்த்தால், ஒவ்வொரு சினைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளி. கண் வந்துவிட்டது, எல்வினா. ஆயிரம் ஆயிரமாய் என்னையே பார்த்தன. சில உள்ளே புரண்டன.

கண் வந்ததைத் தின்ன முடியாது, எனக்கே தெரியும். உனக்கு அனுப்பப் பெட்டியைக் கழுவி, ஈரத்துணி போட்டுத் தயாராக வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கிளையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு மெதுவாகக் கடலில் திருப்பி இறக்கிவிட்டேன். மற்ற ஒன்பதையும் தொடவில்லை. குஞ்சு பொரித்துப் போகட்டும்.

என்னை மன்னித்துக்கொள். இந்த வருடமும் உன் வீட்டுச் சினை ஊரில் யாருக்கும் போகவில்லை. ஹெஸ்டர் தன் பங்கில் இருந்து உனக்கும் பெர்த்தாவுக்கும் ஒரு பெட்டி அனுப்புகிறாள். நான் கேட்கவில்லை, அவளாகவே கொடுத்தாள். திட்டிக்கொண்டேதான்.

தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், வேறு வேலை இல்லை. வலையைப் பற்றி நீ பயப்பட வேண்டாம். அந்தக் கண்களைப் பார்த்த பிறகு அந்த வாசலில் என்னால் வலை போட முடியாது. யார் சீண்டினாலும் சரி.

பாடவில்லை. ஒரே ஒரு நாள், கொஞ்சமாக.

உன்,
லைமன்

---

சமையலறை மேசை, நம் வீடு
ஏப்ரல் 22, 1979

அன்புள்ள லைமன்,

காலைக் கப்பலில் வந்து இறங்கினேன். நீ நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறாய். எழுப்ப மனம் வரவில்லை. காபிப் பாத்திரம் கரி பிடித்துக் கிடக்கிறது, அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.

உன் கடிதத்தை ஜூனோவில் மூன்று முறை வாசித்தேன். பெர்த்தா கேட்டாள்: "என்னடி அழுவுற, சினை வீணாப் போனதுக்கா?" இல்லை என்றேன். நீ மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறாய்; நான் கேட்டதையே செய்துவிட்டாய் என்று அதை எழுதும்போது உனக்கே தெரியவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கடலில் போடு என்று அன்று வாசலில் நின்று சொன்னேன். முடியாது என்றாய். நானும் முடியாது என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ போட்டுவிட்டாய், லைமன். நான் சொன்ன சொல்லில் இருந்து இனி என்னால் பின்வாங்க முடியாது.

ஹெஸ்டர் துறையிலேயே சொன்னாள்: இன்றைக்குப் பொரியும் நாளாம். நான் குடாவுக்குப் போகிறேன். துடுப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டேன். நீ கரையோரமாக நடந்து வா, உன் முட்டிக்கு நல்லது. அம்மா கல்லில் இருப்பேன்.

சத்தம் போடாமல் வா. வந்த பிறகு, பொரித்து முடிந்ததும், வேண்டுமானால் பாடு.

உன்,
எல்வினா