சண்டைக்கு நடுவில் அணைந்துபோகிறது

பிப்ரவரி 22, ஞாயிறு

கடும் வெயில். காலையில் சர்ச்சில் பூசை. வந்து சோறு வடித்து, அப்பாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது சாயங்காலம். தம்பி டேனி ஜொகூரிலிருந்து விளையாட்டுக்குள் வருகிற நேரம்.

கிறிஸ்மஸுக்குப் பிறகு அவன் ஃபோன் எடுப்பதில்லை. இங்கே பக்கத்தில் செண்டாயானில் ஃபேக்டரி வேலை, அப்பா யார் யாரிடமோ கெஞ்சி வாங்கிக் கொடுத்தது. அதை விட்டுவிட்டு ஜொகூருக்குப் போகிறேன் என்றான். "போனா இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார் அப்பா. மிதிக்கவில்லை. என் மெசேஜுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வரும். ஆனால் விளையாட்டில் வேறு ஆள். கையில் வாளும் எதிரே பூதமும் இருந்தால் வாயைத் திறப்பான். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், கை வேலையாக இருந்தால்தான் பேச்சு வரும்.

இன்று எப்படியாவது சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். கோட்டையின் கடைசிப் பூதம். நல்ல மூடில் இருந்தான். "அக்கா, பின்னால வா, பின்னால லா! செத்துராத!"

"டேனி, அப்பாவோட காலு..."

டப். திரை இருட்டு. எச்சரிக்கை எதுவும் இல்லை. உள்ளே விசிறிகளும் நின்றுவிட்டன. பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை. பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி சொருகினால்தான் உயிர் வருகிறது.

அதற்குள் அவன் மெசேஜ்: "அப்பா பேச்ச எடுத்தா நான்தான் போவணும். நீ எதுக்கு ஆஃப் பண்ணிட்டுப் போற?"

ஆஃப் பண்ணவில்லை, தானாக அணைகிறது என்று எழுதினேன். கட்டைவிரல்.

போன வாரமும் இதேதான்.

பிப்ரவரி 23, திங்கள்

கிளினிக்கில் கூட்டம். பெயர் பதிவு செய்தே வாய் வலி.

டாக்டர் சொன்னதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். அப்பாவின் இடது கால். சர்க்கரைப் புண், விரலைத் தாண்டிப் பாதத்துக்குப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு பேரும் சொல்லட்டும்." பெயர் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இதை டேனிக்கு மெசேஜில் எழுதிப் பார்த்தேன். "அப்பாவுக்குக் காலை எடுக்கணுமாம்." திரையில் பார்க்கவே பயமாக இருந்தது. அழித்துவிட்டேன். இதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தால் நான் என்ன செய்வேன்?

வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கதவைக் கழற்றினேன். உள்ளே தலையணைப் பஞ்சு மாதிரித் தூசி. இதுதான் காரணம் என்று ஒரே சந்தோஷம். தெருமுனை மோட்டார் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காற்று அடிக்கச் சொன்னேன்.

"என்னா தங்கச்சி, டயர் எங்க?" என்று அந்த அண்ணன் சிரித்தார். அடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தனியாக விளையாடிப் பார்த்தேன். மெஷினின் சூட்டைத் திரை ஓரத்தில் காட்ட வைத்திருந்தேன். சூடு ஏறவே இல்லை, எல்லாம் சாதாரணம். பூதம் வந்தது. டப்.

மூக்கெல்லாம் தூசி. தும்மல் நிற்கவில்லை.

பிப்ரவரி 25, புதன்

லோபாக் பக்கம் கம்ப்யூட்டர் கடைக்காரன் சீனப் பெருநாள் லீவு முடிந்து இன்றுதான் திறந்தான். மெஷினைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அரிசி, பஞ்சு, மருந்துத் துணி, அப்பாவுக்கு இனிப்பில்லாத பிஸ்கட். தவக்காலம், வீட்டில் மீன், கறி இல்லை. அதற்கும் அப்பாவுக்குக் கோபம். "காலும் இல்ல, கறியும் இல்லயா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

கடைப் பையன் "ஓகே கக், தடா மசாலா" என்றான் மலாயில். ஓகே அக்கா, பிரச்சினையே இல்லையாம். நாள் முழுக்க ஓடியதாம்.

கேம் போட்டுப் பார்த்தாயா என்று மலாயில் கேட்டேன். இல்லையாம். வீடியோ ஓட விட்டானாம். வீடியோவுக்கு இது எங்கே அணைகிறது! லாரியை வாசலில் நிறுத்தி இஞ்சின் ஓடுகிறது என்று சொன்ன கதை. சுமை ஏற்றினால்தானே தெரியும்.

வீட்டில் போட்டேன். டப்.

அழுகை வரவில்லை. எதையாவது ஓங்கி அடிக்க வேண்டும் போல இருந்தது. மெஷினையா டேனியையா என்று தெரியவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்துவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் சொருகினேன். படத்தின் தரத்தையும் அடியோடு குறைத்தேன். மரமெல்லாம் களிமண் உருண்டை மாதிரி. ஆனால் ஓடியது. டேனி வந்தான். பூதத்தின் பாதி உயிர் போகும்வரை ஓடியது.

"இன்னிக்கு நீ ஓடிப்போகல போலிருக்கே" என்றான்.

"ஓடிப்போகல. கேளுடா. டாக்டர் என்ன சொல்றாருன்னா..."

டப்.

உடனே ஃபோன் பண்ணினேன். கட் பண்ணினான். மெசேஜ்: "வாரா வாரம் இதே டிராமா."

எனக்கும் கோபம் ஏறிவிட்டது. "டிராமா இல்லடா. பவர் சப்ளை பத்தல" என்று அனுப்பினேன்.

அதற்கு மட்டும் உடனே பதில். இந்த மெஷின் அவன் கையால் கட்டியதாம். கணக்குப் போட்டுத்தான் வைத்தானாம். நான்தான் எதையோ கழற்றிக் கெடுத்திருப்பேனாம். ஒரு கட்டுரையே வந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று அதில் ஒரு கேள்வி இல்லை.

யோசித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. டிசம்பர்வரை ஒரு கோளாறும் இல்லை. கிறிஸ்மஸ் பரிசு என்று அவனே பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி வந்து மாட்டினான். கரண்டு கொடுக்கிற பெட்டி மட்டும் பழசு. சும்மா இருக்கும்போது சமாளிக்கிறது. சண்டை சூடுபிடித்தால் கார்டு ஒரேயடியாக இழுக்கிறது, பெட்டி தாங்காமல் தன்னைத் தானே அணைத்துக்கொள்கிறது. இன்டர்நெட்டில் இதே கதையை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

மார்ச் 2, திங்கள்

கிளினிக்கில் கூட வேலை செய்யும் நளினியிடம் புலம்பினேன். அவள் கணவரிடம் பெரிய பவர் சப்ளை ஒன்று சும்மா கிடக்கிறதாம். கொண்டு வருகிறாள்.

புண் கட்டும் நர்ஸ் இன்று கட்டைப் பிரித்தார், முகம் மாறியது, டாக்டரைக் கூப்பிட்டார். அப்பாவை ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தாகிவிட்டது. "இனியும் தள்ளிப்போட முடியாது" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். நான் என்ன செய்வேன்? யாரைத் திட்டுவது என்று எனக்கும் தெரிந்தால் தேவலை.

மார்ச் 3, செவ்வாய்

மழை, ஒருவழியாக.

பவர் சப்ளையை மாற்றினேன். எந்த வயர் எங்கே இருந்தது என்று ஃபோனில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு வயர் போகவே மாட்டேன் என்றது, திருப்பிப் பிடித்தால் போனது. கட்டை விரலில் கீறல்.

படத் தரம் உச்சத்தில். தனியாகப் போய்ப் பூதத்திடம் வேண்டுமென்றே அடி வாங்கினேன். அணையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் அணையவில்லை.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. இவ்வளவு சின்னக் காரணம்.

மார்ச் 4, புதன்

டேனிக்கு ஓய்வு நாள். கூப்பிட்டேன், வந்தான்.

"சரியாயிருச்சா?"

"வேற பவர் சப்ளை போட்டேன்."

"அப்ப என் கணக்கு தப்பா?"

"தப்புதான்."

பூதம் வந்தது. வாளை வீசிக்கொண்டே இருந்தோம். வழக்கமாக அணையும் இடம் தாண்டியது. ஒரு நொடி, இப்போது அணைந்தால்கூட நல்லது என்று தோன்றியது. அணையவில்லை.

"அப்பாவோட காலை எடுக்கணும்டா. முழங்காலுக்குக் கீழ."

விளையாட்டில் அவனுடைய ஆள் அப்படியே நின்றான். பூதம் அடித்தது. விழுந்தான். டேனியின் மூச்சு மட்டும் காதில் கேட்டது.

"எந்தக் காலு?"

"இடது."

"எப்ப சொன்னாங்க?"

"ரொம்ப நாளாச்சு. அதத்தான் சொல்ல வந்து சொல்ல வந்து..."

"எழுதியிருக்கலாம்ல?"

"உன் கட்டைவிரலப் பாக்கறதுக்கா?"

நானும் செத்துவிட்டேன் விளையாட்டில். யாரும் மறுபடி ஆரம்பிக்கவில்லை.

"நாம ரெண்டு பேரும் சரின்னு சொல்லணுமாம்" என்றேன்.

"என்னயும் சேத்தா சொன்னாரு?"

"ரெண்டு பிள்ளைங்கன்னுதான் சொன்னாரு."

லீவு கேட்கிறேன் என்றான். குரல் சரியில்லை.

மார்ச் 6, வெள்ளி

காலை பஸ்ஸில் டேனி வந்தான். இளைத்திருக்கிறான். நேராக வார்டுக்கு. அப்பா பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவன யாரு கூப்ட்டா?" என்று என்னிடம்.

"நான்தான்."

டேனி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். போர்வைக்குள் அந்தக் கால் தெரிந்தது. அதையே பார்த்தான். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவைக் குறைத்தார், வேடிக்கை பார்க்க.

அப்பா ஜன்னலிடம் கேட்டார். "காலு இல்லாம நான் எப்படி மோட்டார் ஓட்டுறது?"

"இடது காலுதானப்பா" என்றான் டேனி. "அதுல கியர் மட்டும்தான் போடறது. கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்குவோம். பிரேக்கெல்லாம் கையில."

"அது பொம்பளைங்க ஓட்டுறது லா."

"எல்லாரும்தான் ஓட்டுறாங்க."

"நீ என்னா, மோட்டார் கடையா வச்சிருக்க?"

டேனி குனிந்து போர்வையை இழுத்துச் சரிசெய்தான். அழுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், திரும்பிப் பார்த்தார்.

"கறுப்பா இருந்தா பாக்கலாம்" என்றார்.

திங்கள் காலை ஆபரேஷன்.